நூல் இல்லாத ஆணி

ஆபீசில் புதுசாகச் சேர்ந்திருக்கிற கண்ணுகளுக்கு எழுதுவது.

போன வாரம் நான் சும்மா எட்டிப் பார்க்க வந்தபோது உங்களில் ஒரு அம்மணி கேட்டது: "ஏனுங்கய்யா, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. செவுத்துல இருக்கற அந்தப் பலகையைக் கழட்டிரலாங்களா?"

தாராளமாகக் கழட்டிக்குங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிளைவுட்டும் ஆணியும் நூலும்தானே. ஆனால் அந்தப் பலகையில் நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். அதே தப்பைக் கம்ப்யூட்டரிலும் செய்யலாம், இன்னும் வேகமாகச் செய்யலாம். அதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் பாடு.

முதலில் நான் யார் என்று தெரிந்துகொள்ளுங்க. அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன். பெரியநாயக்கன்பாளையத்தில் நம்ம வீதியில் இருக்கிற பன்னிரண்டு பட்டறைக்கும் முப்பது வருசமாக வேலை பிடித்துக் கொடுத்தவன். பம்பு கம்பெனிக்காரர்கள் உருக்கி ஊற்றின இரும்பு வார்ப்பை மூட்டை மூட்டையாக என்னிடம் இறக்குவார்கள். எந்த வேலை எந்தப் பட்டறைக்குப் போகணும் என்று பிரித்துவிடுவது நான். ஒரு வார்ப்பைக் கையில் தூக்கினால் போதும், அது யாருடைய மிஷினில் ஏறும் என்று சொல்லிவிடுவேன். எனக்கு முன்னால் இந்தத் தொழில் இந்த வீதியில் கிடையாது. நான்தான் உண்டாக்கினேன். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லுவேன், ஏன்னா நிஜம்.

பலகையும் நான் உண்டாக்கியதுதான். இடது பக்கம் ஒரு வரிசை ஆணி, ஒவ்வொன்றும் ஒரு வேலை. வலது பக்கம் ஒரு வரிசை ஆணி, ஒவ்வொன்றும் ஒரு பட்டறை. இந்த வேலை இந்தப் பட்டறையால் ஆகும் என்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளை நூல். வேலையைக் கையில் கொடுத்தாச்சு என்றால் அதன் மேலேயே ஒரு சிவப்பு நூல். ஒரு பட்டறைக்கு ஒரு நேரத்தில் ஒரு சிவப்புதான்.

இன்னொரு சட்டமும் உண்டு. அது பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு தடவை ஒரு பட்டறைக்காரர் தான் வாங்கிய வேலையைப் பக்கத்துப் பட்டறைக்குத் தள்ளிவிட்டார். நானும் சரி போகட்டும் என்று வலது பக்கத்து ஆணியிலிருந்து வலது பக்கத்து ஆணிக்கே ஒரு நூல் கட்டிப்போட்டேன். அவரைப் பார்த்து இன்னொருத்தர். ஒரே மாசத்தில் பலகை சிலந்திக்கூடு ஆகிவிட்டது. ஒரு மூட்டை வார்ப்பு மூன்று பட்டறையைச் சுற்றிவிட்டு, ஒருத்தரும் கை வைக்காமல் என் ஆபீஸ் வாசலிலேயே வந்து மழையில் நனைந்துகொண்டிருந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் அறுத்தேன். நூல் என்றால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்தான். பட்டறைக்கும் பட்டறைக்கும் நூல் கிடையாது, வேலைக்கும் வேலைக்கும் நூல் கிடையாது.

அப்புறம் ஒரு நாள், பீளமேட்டில் ஒரு காலேஜில் கணக்குச் சொல்லித்தருகிற ஒரு டீச்சரம்மா இந்தப் பலகையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். "இதுக்குப் பேரு இருகூறு கோட்டுருங்க. எங்க பசங்களுக்கு இதை வாரக்கணக்கா நடத்தறோம்" என்றார்.

"வாரக்கணக்காங்களா? நான் ஒரு மத்தியானத்துல கண்டுபுடிச்சேனுங்க" என்றேன்.

பெருமைக்குச் சொன்னதுதான். ஆனால் அந்த அம்மா அன்றைக்கு வராமல் போயிருந்தால் நம்ம வீதிக்கு இன்றைக்குப் பாதி வேலைகூட இருந்திருக்காது. அது நடந்தது ஒரு புதன்கிழமை. கேளுங்க.

அந்த வாரம் திங்கட்கிழமை காலை, நமக்கு வேலை தருகிற பெரிய பம்பு கம்பெனியின் மேனேஜர் அவரே காரில் வந்து இறங்கினார். சின்ன வயசுக்காரர், அதிகம் பேசமாட்டார். புது மாதிரி பம்பு, வெளிநாட்டு ஆர்டர், முதலில் இருபத்தஞ்சு பம்பு செய்து காட்டணும். எட்டு பார்ட்டு. எட்டும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கம்பெனியில் இருக்கணும். அன்றைக்கே பூட்டி ஓட்டிப் பார்த்துவிட்டால்தான் திங்கட்கிழமை வாங்குகிறவர்கள் வரும்போது காட்ட முடியும்.

"ஒரு பார்ட்டு வரலீன்னாலும் பம்பு ஓடாதுங்க" என்றார். "எங்க முதலாளி வெளிமாநிலத்துல ஒரு ஃபேக்டரியைப் பாத்துட்டு வந்திருக்காரு. எல்லா மிஷினும் ஒரே கூரைக்குள்ள. இந்தத் தடவை இங்க தவறுச்சுன்னா மொத்த வேலையும் அங்க போயிரும். இந்த எட்டு மட்டுமில்லீங்க, இப்ப ஓடிட்டிருக்கறதும்."

பன்னிரண்டு பட்டறையின் பிழைப்பு. நான் பலகையைப் பார்த்தேன். எட்டு ஆணியிலும் நூல் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஆயிருங்க. நீங்க நிம்மதியாப் போங்க" என்றேன். மத்தியானத்துக்குள் எட்டுச் சிவப்பு நூல் கட்டிவிட்டேன். எட்டுப் பட்டறை வாசலுக்கும் நானே போய்க் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகு கட்டிய நூல்.

புதன்கிழமை காலை ஒரு சுற்றுப் போனேன். அஞ்சு பார்ட்டு மிஷினில் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. மோட்டாரையும் பம்பையும் சேர்க்கிற கப்ளிங் பழனிச்சாமியிடம், தண்ணீரைச் சுழற்றித் தள்ளுகிற இம்பெல்லர் செல்வராஜிடம், இரண்டு பேரும் மிஷினைத் தயார்பண்ணிக்கொண்டு இருந்தார்கள். கடைசியாக ஸ்லீவ். பம்புக்குள் சுற்றுகிற தண்டான ஷாஃப்ட்டின் மேல் சட்டை மாதிரி ஏறுகிற குழாய், உள்பக்கம் கண்ணாடி மாதிரி வரணும். அது குழந்தைவேலுவிடம் கொடுத்தது. போய்ப் பார்த்தால் மூட்டை நான் வைத்த மூலையிலேயே, வாய் கட்டியபடி இருக்கிறது.

குழந்தைவேலு ஓடிவந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ சொல்லியனுப்பினார்.

"ஏனுங்க, மூட்டையவே அவுக்கலீங்களா?"

"டீயைக் குடிங்க மொதல்ல. ஆறிப்போயிரும்."

"மூட்டை ஏனுங்க அப்படியே இருக்குது?"

"நம்ம லேத்துல அந்த ஃபினிஷ் வராதுங்களே."

"அதைத் திங்கக்கெழமையே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம். "நீங்க வாசப்படி ஏறி வந்து கேக்கறீங்க. மூஞ்சிக்கு நேரா எப்படீங்க இல்லைன்னு சொல்றது? உங்களுக்கே தெரிஞ்சு நீங்களே வந்து எடுத்துக்குவீங்கன்னு இருந்தேன்."

கண்ணுகளா, இதுதான் நம்ம ஊர். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, கேட்டவரிடம் இல்லை என்று சொல்லக் கூடாது. ஒறம்பரையாக வந்த விருந்தாளிக்கு அது அழகு. லேத்துப் பட்டறைக்கு அது கொள்ளி. ஆனால் இது எனக்கு அப்போது புரியவில்லை. குழந்தைவேலு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு மூட்டையைத் தூக்கி வண்டியில் போட்டு ஆபீசுக்கு வந்தேன்.

பலகையில் ஸ்லீவுக்கு அஞ்சு நூல். ஒன்று குழந்தைவேலு, அது போச்சு. ஒன்று பழனிச்சாமி, அவர் கையில் கப்ளிங் இருக்கிறது. மீதி மூன்று பேரும் சும்மா இருந்தார்கள். மூன்று பேருக்கும் போன் போட்டேன். மூன்று பேரும் தேன் மாதிரிப் பேசினார்கள். "அனுப்பி உடுங்க, செஞ்சர்லாம்." "நம்மகிட்டக் கேக்கணுங்களா?" "நீங்க சொன்னாச் சரிதானுங்க." எனக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. இதில் யாருக்கு அனுப்பலாம் என்று பலகை முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த டீச்சரம்மா உள்ளே வந்தார்.

வந்தவர் வீதிக் கோடியில் பட்டறை வைத்திருக்கிற துரைசாமியின் தங்கச்சி. நாற்பது வயசு இருக்கும். பலகையைப் பார்த்து நின்றதையும் அதற்குப் பேர் சொன்னதையும்தான் முன்னாலேயே எழுதிவிட்டேனே. அப்புறம் வலது பக்கம் கடைசி ஆணியைக் காட்டினார்.

"இது எங்கண்ணன் ஆணிங்களா?"

"ஆமாங்க."

"ஒரு நூல்கூட இல்லீங்களே. ஒரு வருசமா இப்படித்தான் இருக்குதாமா? மிஷினை வித்துப்போட்டு மதுக்கரைப் பக்கம் எங்கியாச்சும் வேலைக்குப் போறேங்கறாருங்க. ஏன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

எனக்கு அப்போது இருந்த அவசரத்தில் சுருக்கென்று வந்தது. "உங்கண்ணன் வாயைத் தொறந்தா ஆகாதுங்கதான் அம்மணி. ஷாஃப்ட்டு கேட்டா ஆகாதுங்க, கேசிங் கேட்டா ஆகாதுங்க. மத்தவங்களைப் பாருங்க, யாரு இல்லைன்னு சொல்றாங்க? இப்பக்கூட ஸ்லீவுக்கு மூணு பேரு தயாரா நிக்கறாங்க."

அந்த அம்மா கோபப்படவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு கேட்டார். "இந்த மூணு பேருல இதுக்கு முன்னாடி ஸ்லீவ் செஞ்சு குடுத்தவங்க யாருங்க?"

மூன்று நூலையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. அஞ்சு நூலில் செய்து கொடுத்தவர் பழனிச்சாமி ஒருத்தர்தான். மற்றதெல்லாம் நான் கேட்டு, அவர்கள் தலையாட்டி, நான் கட்டிய நூல். அந்த மூன்று பேரில் யாருக்கு மூட்டையை அனுப்பியிருந்தாலும் வெள்ளிக்கிழமை அது இன்னொரு மூலையில் கட்டியபடி இருந்திருக்கும்.

"அப்ப செஞ்ச நூலை மட்டும் வெச்சுட்டு, சொன்ன நூலைக் கழட்டிப் பாக்கலாங்களா?" என்றார்.

கழட்டினோம். நான் பிடுங்கப் பிடுங்க அந்த அம்மா கையில் சுற்றிக்கொண்டே வந்தார். பிரச்சனையில் இருந்த மூன்று வேலைக்கும் எத்தனை நூல் மிஞ்சியது தெரியுங்களா? ஸ்லீவுக்குப் பழனிச்சாமி. கப்ளிங்குக்குப் பழனிச்சாமியும் செல்வராஜும். இம்பெல்லருக்குச் செல்வராஜ். அவ்வளவுதான். இவ்வளவு நாளாகக் காடு மாதிரி இருந்த பலகை வேலி மாதிரி ஆகிவிட்டது.

நான் எப்போதும் செய்கிற மாதிரி ஆளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஸ்லீவைப் பழனிச்சாமிக்குக் கொடுத்தால் கப்ளிங் நிற்கிறது. கப்ளிங்கைச் செல்வராஜுக்குக் கொடுத்தால் இம்பெல்லர் நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து.

"நிறுத்துங்க," என்றார் டீச்சரம்மா. இடது பக்கம் மூன்று ஆணியையும் ஒரு கையால் மூடினார். "இந்த மூணுலயிருந்தும் கெளம்பற நூல் எல்லாம் எங்க போய்ச் சேருதுன்னு எண்ணுங்க."

எண்ணினேன். இரண்டே ஆணி.

"மூணு வேலை, ரெண்டு பட்டறை. நீங்க எப்படி மாத்துனாலும் ஒண்ணு நிக்கும். நீங்க எத்தனை கெட்டிக்காரரா இருந்தாலும் நிக்கும். இந்த ரெண்டை உட்டு வெளிய எங்கியாச்சும் புதுசா ஒரு நூல் கெடைச்சாத்தான் உண்டு."

கண்ணுகளா, இதே சிக்கலில் நான் எத்தனை தடவை பட்டறைக்காரர்களைத் திட்டியிருக்கிறேன், எத்தனை தடவை சாப்பிடாமல் கிடந்து ஆளை மாற்றிப் பார்த்திருக்கிறேன். மாற்றி ஆகாத இடத்தில் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். எண்ணிப் பார்த்தால் ஒரு நிமிசம். இதை இன்றைக்கே எழுதி வைத்துக்குங்க. சிக்கின வேலையை எல்லாம் ஒரு கையால் மூடு, அதுகளின் நூல் போய்ச் சேருகிற பட்டறையை எண்ணு. பட்டறை குறைந்தால் ஆளை மாற்றாதே, வெளியே போய் நூல் தேடு.

வெளியே என்றால் எங்கே? மற்ற பட்டறை எல்லாம் ஒன்று வேலையில் இருக்கிறது, அல்லது இப்போதுதான் நூல் கழண்டது. மிஞ்சியது நூலே இல்லாத அந்த ஒரு ஆணி.

"இது மாதிரி ஆணிக்குத் தனித்த முனைன்னு பேருங்க" என்றார். "இதுல ஒரு வேடிக்கை உண்டு. நூல் இருக்கற ஆணி எந்தப் பக்கம் நிக்கணும்னு நூலே சொல்லிரும். நூல் இல்லாததை இடது பக்கம் வெச்சாலும் வலது பக்கம் வெச்சாலும் கணக்குல ஒண்ணும் தப்பு வராது. ஏன்னா அதைப் பத்தி உங்க பலகைக்கு ஒண்ணுமே தெரியாது."

"தெரியாதுன்னு எப்படீங்க? ஆகாதுன்னு அவரே சொன்னாரே."

"எத்தனை வேலைக்குக் கேட்டீங்க?"

"ஆறு இருக்கும்."

"இந்தப் பலகையில இதுவரைக்கும் எத்தனை தினுசு வேலை வந்து போயிருக்கும்?"

"நூறுக்கு மேல இருக்குங்க."

"அப்ப மிச்சத்துக்கெல்லாம் ஆகாதுன்னு சொன்னது எங்கண்ணனுங்களா, நீங்களா?"

இத்தனை வருசத்தில் என்னை இப்படி நிற்க வைத்துக் கேட்டவர் யாரும் இல்லை. கேட்டிருந்தால் விட்டிருக்கமாட்டேன். அன்றைக்கு விட்டேன். "அம்மணி, இம்பெல்லர்ல கீவே உங்கண்ணன் போடுவாருங்களா?" என்றேன். இம்பெல்லர் ஷாஃப்ட்டில் நழுவாமல் பிடிக்க நடு ஓட்டைக்குள் வெட்டுகிற காடிதான் கீவே; செல்வராஜ் செய்ய இருந்ததும் அதுதான்.

"எனக்கு லேத்துக்கும் அம்மிக்குமே வித்தியாசம் தெரியாதுங்க. நீங்கதான் போய்க் கேக்கோணும்."

போனேன். துரைசாமி பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஸ்டூல் போடவில்லை, டீ சொல்லவில்லை.

"வாங்க. ஆகாதுங்க" என்றார்.

"நான் இன்னும் கேக்கவே இல்லீங்களே."

"நீங்க வந்தா ஷாஃப்ட்டுக் கேப்பீங்க. என்ற லேத்து நீளம் பத்தாது. ஆகாது."

"ஸ்லீவுங்க?"

"ஆகாது."

"கப்ளிங்?"

"ஆகாது."

வேறு நாளாக இருந்தால் அங்கேயே திரும்பியிருப்பேன். நின்றேன். "ஆகறது எதுங்க துரைசாமி?" என்றேன்.

அவர் பனியன் வேஸ்ட் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். "இதை நீங்க இதுவரைக்கும் கேட்டதே இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த மிஷினைத் திறந்து காட்டினார். காடி வெட்டுகிற பழைய காலத்து ஸ்லாட்டிங் மிஷின். எண்ணெய் மினுங்கியது. ஒரு துளி துரு இல்லை. பக்கத்தில் பலகையில் அவர் வெட்டின பழைய துண்டுகள் வரிசையாக இருந்தன. எடுத்து ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். சொன்னேனே, கையில் எடுத்தால் எனக்குத் தெரியும்.

"இம்பெல்லர் இருபத்தஞ்சு. சனிக்கெழமை காலையில ஒம்பது மணிக்கு."

"ஒம்பதுக்கு ஆகாது. நாளைக்குக் காலையில ஆரம்பிச்சா சனிக்கெழமை பன்னெண்டுக்குக் குடுப்பேன். பதினொண்ணேமுக்காலுக்குக்கூடக் கேக்காதீங்க."

நூல் கிடைத்துவிட்டது. மூன்று மணி நேரம் நீளம் குறைந்த நூல், ஆனால் அறாத நூல்.

இனிமேல் நான் சொல்லப்போவது டீச்சரம்மா சொல்லித்தந்ததில்லை. இது முழுக்க என் மூளை. அந்த அம்மாவே பிற்பாடு ஒத்துக்கொண்டார்.

இம்பெல்லரைச் செல்வராஜிடமிருந்து துரைசாமிக்கு மாற்றணும். காலியான செல்வராஜுக்குக் கப்ளிங். காலியான பழனிச்சாமிக்கு ஸ்லீவ். பலகையில் இது மூன்று நூல் மாற்றுகிற வேலை, ஒரு நிமிசம். வீதியில் அப்படி இல்லை. கையில் கொடுத்த வேலையைத் திருப்பி வாங்குவது நம்ம ஊரில் மூஞ்சியில் அடித்த மாதிரி. அது ஒரு தடவை நடந்தால் அந்த ஆள் மூன்று மாசம் என் வீட்டு விசேசத்துக்கு வரமாட்டார்.

ஆகவே கேட்பதைக் கடைசியிலிருந்து கேட்டேன். துரைசாமி உறுதி. அப்புறம் செல்வராஜ். அவரிடம் "கப்ளிங் ஆகுங்களா?" என்று கேட்கவில்லை. "போன தடவை கப்ளிங் யாருக்குச் செஞ்சு குடுத்தீங்க, எத்தனை?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியில் மரியாதைக்காகத் தலையாட்ட இடமே இல்லை பாருங்க. செய்திருந்தால் சொல்லுவார், செய்யாவிட்டால் முழிப்பார். அவர் சொன்னார். அப்புறம் பழனிச்சாமியிடம் ஸ்லீவுக்கு அதே கேள்வி. அவரும் சொன்னார்.

வண்டியை மட்டும் முதலிலிருந்து ஓட்டினேன். ஸ்லீவ் மூட்டையோடு பழனிச்சாமி வாசலில் நின்றேன். ஸ்லீவை முதலில் உள்ளே இறக்கிவிட்டு அப்புறம்தான் கப்ளிங்கை வெளியே எடுத்தேன். செல்வராஜ் வாசலில் கப்ளிங்கை இறக்கிவிட்டு இம்பெல்லரைக் கேட்டேன். அவர் முகம் சுண்டியது.

"நம்ம கையில என்னங்க குறை?"

"குறை இருந்தா ஏனுங்க இதைக் கொண்டாந்து எறக்கறேன்? கப்ளிங்குக்கு இந்த வீதியில உங்களை உட்டா ஆளில்லை. பழனிச்சாமியே வழி உட்டுட்டாரு."

முகம் மலர்ந்துவிட்டது. இம்பெல்லர் மூட்டையை அவரே தூக்கி வண்டியில் வைத்தார். அதைக் கொண்டுபோய்த் துரைசாமி பட்டறையில் இறக்கும்போது பொழுது இறங்கியிருந்தது. ஒருத்தர் கையும் ஒரு நிமிசம் வெறுமையாக இல்லை. கேட்பது வால் பக்கமிருந்து, கொடுப்பது தலைப் பக்கமிருந்து. எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இது? சொல்லுங்க பார்ப்போம்.

ஆனால் அந்த மூன்று மணி நேரம் பாக்கி இருந்தது.

வியாழக்கிழமை காலை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேனேஜருக்குச் சொல்லணும். சொல்லாமலும் இருக்கலாம். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஏழு பார்ட்டைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, "இம்பெல்லர் வந்துட்டே இருக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே பன்னெண்டு வரைக்கும் ஓட்டிவிடலாம். நான் அதுவரைக்கும் அப்படித்தான் ஓட்டினேன், அதில் எனக்குப் பேரே உண்டு. அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் குழந்தைவேலுவைத் திட்டுகிறேன். கம்பெனிக்காரர் மனசிலும் இந்த மாதிரி ஒரு பலகை இருக்கும் அல்லவா? அதில் என் பேருக்கு நேராக இருப்பது செய்த நூலா, சொன்ன நூலா? திங்கட்கிழமை காலை அவர் என் வாசலுக்கு வந்து கேட்டார், நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆயிருங்க என்றேன். குழந்தைவேலு டீ வாங்கிக் கொடுத்தார், நான் அதுகூட வாங்கிக் கொடுக்கவில்லை.

போன் போட்டேன்.

"சார், சனிக்கெழமை ஒம்பது மணிக்கு இம்பெல்லர் ஆகாதுங்க. பன்னெண்டுக்கு ஆகும்."

பன்னிரண்டு பட்டறையும் கண் முன்னால் வரிசையாக நின்றது.

"என்னங்க சொன்னீங்க?"

"ஆகாதுன்னு சொன்னேனுங்க."

"லைன்ல இருங்க."

யாரையோ கூப்பிட்டு என்னமோ பேசுவது கேட்டது. திரும்ப வந்தார். "நாங்க பேரிங், ஷாஃப்ட்டு, ஸ்லீவ் எல்லாம் பூட்டிட்டுத்தான் இம்பெல்லர்கிட்டயே வருவோம். மிச்ச ஏழும் வெள்ளிக்கெழமை சாயங்காலமே வந்துட்டா, பூட்டறவங்களை அன்னைக்கே உக்கார வெச்சர்லாம். இம்பெல்லர் பன்னெண்டுக்கு வந்தாப் போதும். ஏழும் வெள்ளிக்கெழமை வருங்களா?"

வாய் "வந்துருங்க" என்று சொல்ல ஓடியது. பிடித்து நிறுத்தினேன். பலகையைப் பார்த்தேன். "ஆறு வருங்க. ஸ்லீவ் நேத்துத்தான் மிஷின் மாறுச்சு. அது சனிக்கெழமை எட்டு மணிக்கு."

"எட்டுன்னா எட்டுங்களா?"

"எட்டுங்க."

"சரி. அப்படின்னா அதுக்குத் தகுந்த மாதிரி ஆளைப் போட்டுக்கறேன். இதை சனிக்கெழமை காலையில சொல்லியிருந்தீங்கன்னா எனக்கு ஒரு வழியும் இருந்திருக்காது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஆறு போனது. சனிக்கிழமை எட்டுக்கு ஸ்லீவ். இம்பெல்லரைத் துரைசாமி என்னிடம் கொடுக்கவில்லை, அவரே வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கம்பெனி கேட்டில் நுழையும்போது பன்னெண்டுக்கு இன்னும் அஞ்சு நிமிசம் பாக்கி. "அஞ்சு நிமிசம் எச்சா இருக்குது, கொஞ்சம் பொறுங்க" என்று அங்கேயே ஒரு இம்பெல்லரை எடுத்துத் துணியால் துடைத்தாரே பார்க்கணும், எனக்கு வந்த ஆத்திரத்துக்கும் சிரிப்புக்கும் அளவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு இருபத்தஞ்சாவது பம்பு தொட்டியில் தண்ணீரைத் தள்ளியது. நானும் துரைசாமியும் சட்டை நனைகிற அளவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தோம். அந்தச் சத்தத்தை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் புதுசாகக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் போன் செய்தார். வாங்குகிறவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், திருப்தி. வெளிமாநில ஃபேக்டரி பேச்சை முதலாளி விட்டுவிட்டார். பெரிய லாட்டு வருகிறது, பதினாலு தினுசு பார்ட்டு.

"லிஸ்ட்டை உங்களுக்கு அனுப்பறேன். எது ஆகும்னு சொல்ல வேண்டாங்க, அது எல்லாருமே சொல்லுவாங்க. ஆகாதது எதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அன்றைக்கு முழுக்க வீதியில் நடந்தேன். பன்னிரண்டு பட்டறையிலும் ஏறி, ஒவ்வொரு பார்ட்டுக்கும் இதை யாருக்கு, எத்தனை செய்து கொடுத்தீங்க என்று கேட்டேன். துரைசாமியிடம் பதினாலையும் கேட்டேன், ஒன்றுகூட விடவில்லை. பொழுதோடு ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து போன் போட்டேன்.

"சார், மூணு ஆகாதுங்க."

"சரிங்க" என்றார். "பதினொண்ணுக்கு நாளைக்குக் காலையில வார்ப்பு அனுப்பறேன்."